உள்ளங்கைச் சீனி

வலது உள்ளங்கையைக் குவித்து, வாய்க்கு அருகே கொண்டுபோய், நாக்கு நுனியால் தொடுவதுபோல ஒரு பாவனை. ஒரு நொடிகூட ஆகாது. அது ஒரு மனிதரின் பெயர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மில்லில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர்.

எங்கள் பக்கம் மில் என்றால் விக்கிரமசிங்கபுரத்துப் பெரிய மில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் வேலை பார்த்தது அது இல்லை. வாய்க்கால் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன நூற்பாலை அது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. நூல் நூற்கும் கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம். உதடு அசைவதைப் பார்த்தே முழுக் கதையும் புரிந்துவிடும். முந்தின நாள் பார்த்த சினிமா, கூட்டாளியின் பெண் பார்க்கும் படலம், வீட்டுச் சண்டை எல்லாம் இரண்டு மிஷினுக்கு அப்பால் நிற்பவனோடு சத்தமில்லாமல் நடக்கும். பெயருக்கு மட்டும் கைச் சைகை. மேஸ்திரி என்றால் தொந்தியைத் தடவ வேண்டும். நான் என்றால் காது மடலை இழுக்க வேண்டும், என் காதுகள் அந்த லட்சணத்தில் இருக்கும். புதிதாக வருகிறவனுக்கு மாமனோ சித்தப்பனோ ஏற்கெனவே உள்ளே இருப்பார். பத்து நாளில் அவர் இந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்துவிடுவார்.

சிலோன் அண்ணாச்சிக்கு உள்ளே மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் இங்கிருந்து போன குடும்பம். இரண்டு அரசாங்கமும் பேசி முடித்து, இந்தியக் கடவுச்சீட்டு கொடுத்துக் கப்பலேற்றிவிட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். தாயகம் திரும்பியவர் என்று அவருடைய காகிதத்தில் எழுதியிருந்தது. அதற்கு முன் இந்த மண்ணை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி வந்தவர்களுக்கு மில்களில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் மில்லுக்கு வந்தது அவர் ஒருவர்தான். அவருடைய மனைவி, கைக்குழந்தை என்று மூன்று பேர் குடியிருப்பின் கடைசி வீட்டுக்குக் குடிவந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, அவருக்கு முப்பதுக்குள் இருக்கும். என் பக்கத்து மிஷின் அவருக்கு.

முதல் நாளே கேண்டீனில் பால் ஊற்றாத சாயா கேட்டார். கேண்டீன்காரருக்கு அது தன் சாயாவைக் குறை சொன்னதுபோல ஆகிவிட்டது. "பாலு இல்லாம என்னவே சாயா? கசாயமால்லா இருக்கும்" என்றார். "பரவாயில்லீங்க, சீனிய மட்டும் தனியாக் குடுங்க" என்று சொல்லி, அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கொஞ்சம் சீனியை நக்குவதும் ஒரு மடக்குக் குடிப்பதுமாக, கண்ணை மூடி ரசித்துக் குடித்தார். அவர்கள் தோட்டத்தில் எல்லோரும் குடிப்பது அப்படித்தான். நாங்கள் பார்க்காததைப் பார்த்தோம். அன்று பிற்பகல், எதிர் வரிசையில் நின்றவன் "புது ஆளு எப்படி?" என்று உதட்டால் கேட்டபோது, நான் உள்ளங்கையை நக்கிக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் மிஷின் மேலே சாய்ந்துவிட்டான். ஷிப்ட் முடிவதற்குள் சைகை கூடம் முழுக்கப் போய்விட்டது. அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அன்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எல்லோருக்கும்தானே சைகை இருந்தது, இதில் என்ன தப்பு என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் காதை யாராவது இழுத்துக் காட்டினால் நானும் பதிலுக்குத் திட்டுவேன், அதோடு போயிற்று. அவருக்கு அந்த வசதியை நாங்கள் கொடுக்கவில்லை. வேலைக்கு வேண்டிய நாலு சைகையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டோம். இழை அறுந்தது, வண்டி கொண்டு வா, மேஸ்திரி வருகிறார், சாப்பிடப் போ, அவ்வளவுதான். மற்றபடி எட்டு மணி நேரமும் தன்னைச் சுற்றி உதடுகள் அசைவதையும், தன் பக்கம் பார்த்து ஆட்கள் சிரிப்பதையும், உள்ளங்கைகள் வாய்க்குப் போவதையும் பார்த்துக்கொண்டு அவர் இழை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுகிற வேலையில் அவருக்கு நிகர் அங்கே ஆளில்லை. கொழுந்து கிள்ளுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த விரல்கள் என்று சொல்வார்.

இத்தனைக்கும் மில்லுக்கு வெளியே அவருக்கு நான் ஒருவன்தான் சிநேகிதன். அவர் வீட்டுத் தேங்காய் ரொட்டியும் சம்பல் துவையலும் எத்தனை தின்றிருப்பேன் என்று கணக்கில்லை. மதினி "தம்பி, இன்னொன்னு வச்சுக்கங்க" என்று தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார். விடுமுறை நாளில் நானும் அண்ணாச்சியும் பஸ் பிடித்து மணிமுத்தாறு போவோம். அணைக்கரையில் நின்று மாஞ்சோலை மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேலே தேயிலைத் தோட்டம் இருக்கிறதே, ஒரு நாள் போய்வரலாம் என்று கூப்பிட்டால் வரமாட்டார். "அங்க போனாலும் நான் வெளியூர்க்காரன்தான் தம்பி. இங்கேருந்து பாத்தா நம்ம ஊரு மாதிரி தெரியுது, அது போதும்" என்பார்.

தாத்தாவின் ஊர் சீவலப்பேரி என்று அவருடைய அப்பா சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவை அங்கேயும் கூட்டிக்கொண்டு போனேன். தாத்தாவின் பெயரைச் சொல்லி வீடு வீடாக விசாரித்தோம். கடைசியில் ஒரு பெரியவர், அப்படி ஒரு குடும்பம் உண்டு என்று ஒப்புக்கொண்டு ஒரு வீட்டைக் காட்டினார். அந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள். அண்ணாச்சி உறவு முறையைச் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. "இந்தா பாரும், பாகம் எல்லாம் எங்க அய்யா காலத்துலயே முடிஞ்சு போச்சு" என்றார். அண்ணாச்சி பாகம் கேட்டுப் போகவில்லை. யாராவது ஒருவர் தன்னைச் சித்தப்பா என்றோ மச்சான் என்றோ கூப்பிடுவார்களா என்று பார்க்கத்தான் போனார். வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று நம் ஆட்கள் மேடைக்கு மேடை பேசுவதைக் கேட்டால் எனக்கு அந்த மோர்ச் செம்புதான் ஞாபகத்துக்கு வரும்.

சில வருஷம் இப்படியே போயிற்று. பிறகு இலங்கையில் சண்டை பெரிதாகி, பேப்பரில் தினமும் செய்தி வரத் தொடங்கியது. அவர் வந்தது வேறு காரணத்தால், வேறு காலத்தில். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? கடைக்காரர் அகதி என்றார். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து காகிதத்தையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "யாருக்குவே வேவு பாக்கீரு?" என்று மேஸ்திரி கேலி செய்தார். அவர்கள் பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தது. அங்கே அதற்கும் சிலோன்காரி என்றே பெயர். அது தவழக் கற்றது முதல் இங்கேதான்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி கேண்டீனுக்கு வருவதை நிறுத்தினார். வலது கையைப் பொத்தியே வைத்திருப்பார். கொஞ்ச நாளில் அதில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அடிபட்டதா என்று கேட்டேன். "தம்பி, மிசினு சத்தத்துக்குள்ள யாரோ என் பேரச் சொல்றாங்க, உங்களுக்குக் கேக்கலியா?" என்றார். இன்னொரு நாள் கக்கூஸ் சுவரில் கம்பி ஓட்டித் தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்றார். எல்லோரும் கையால் தனக்கு ஏதோ செய்கிறார்கள் என்றார். "எதுக்கு எல்லாரும் கைய நக்குறாங்க?" என்று நேராகவே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஒரு நாள் காலை ஷிப்டில் எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். பார்த்தால் சுவரோரத்து மின்பலகையின் பிடியை இழுத்துவிட்டு அண்ணாச்சி அதன் முன்னால் நிற்கிறார். மிஷின் அப்படி நின்றால் இழையெல்லாம் அறுந்து, மறுபடி ஒட்டி முடிக்க ஒரு ஷிப்ட் போய்விடும். அவர் எங்களைப் பார்த்து, "இப்ப சொல்லுங்க. சத்தம் நின்னு போச்சு. என்னைப் பத்திச் சொல்றத வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார். அந்தக் கூடம் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே வாய்க்காலில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவரும் பேசவில்லை. "பாத்தீங்களா, நான் கேட்டா மட்டும் பேசமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

டாக்டரிடம் காட்டி, வேலை பார்க்கலாம் என்று சீட்டு வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நானும் மதினியும் அவரைப் பாளையங்கோட்டைக்கு ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் அவரிடம் நெடுநேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்கதான் பக்கத்து மிஷினாமே. இவரு சொல்றதுல எவ்வளவு நெஜம்னு எனக்குத் தெரியணும். ஊரு மாறி வந்தவங்ககிட்ட இந்த நோய நான் கூடுதலாப் பாக்கேன். வந்தவங்க எல்லாருக்கும் வராது. ஆனா தனிமை, வறுமை, வந்த எடத்துல ஏளனம்னு எல்லாம் சேந்து அழுத்தும்போது சிலர் தாங்கமாட்டாங்க. நோய்க்கு மாத்திரை இருக்கு. நெஜத்துக்கு மாத்திரை கெடையாது. மில்லுல இவரக் கேலி பண்ணுதாங்களா?" என்று கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டுவிடக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்ட இடம் அது. சொன்னால் மில்லுக்கு எழுதுவார், விசாரிப்பார்கள், பெயர் வைத்தவன் யார் என்று வரும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதினி காதுக்கும் போகும். "அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். அவராக் கற்பனை பண்ணிக்கிடுதாரு" என்றேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பிறகு அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டு, உங்கள் சிநேகிதரே அப்படி எதுவும் இல்லை என்கிறாரே என்று பதமாகத்தான் சொன்னார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் கண்ணு பொய் சொல்லுதுங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் வேலைக்குப் போகிற அளவுக்கு அவர் தேறவில்லை. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மதினி பீடி சுற்றிச் சாப்பாட்டுக்குப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் நான் போய்விட்டுக் கிளம்பும்போது, மதினி வாசல்வரை வந்து பைய ஒன்றைச் சொன்னார். "நீங்க வந்துட்டுப் போனப்புறம், தம்பி நெசமாவே வந்துச்சான்னு என்னையக் கேக்குறாருங்க. தன் கண்ணத் தானே நம்பமாட்டேங்குறாரு. நீங்க சொன்னதுலேருந்து அப்படித்தான் இருக்காரு." மதினி என்னைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் சொன்னதுதான் என்னைக் கொன்றது. வாய்க்கால் பாலம்வரை நடந்தவன், அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அண்ணாச்சி முன்னால் போய் உட்கார்ந்து, உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினேன். "அண்ணாச்சி, இது நீங்கதான். மில்லுல உங்களுக்கு இதுதான் பேரு. வச்சவன் நான்தான். நீங்க பாத்ததெல்லாம் பாத்ததுதான். டாக்டர்ட்ட நான் பொய் சொன்னேன்" என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். பிறகு அண்ணாச்சி, "அப்ப எது நெசம், எது பொய்யின்னு பிரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பிரித்தோம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கை நக்கிக் காட்டியது நெசம். கேண்டீனில் சிரித்தது நெசம். மேஸ்திரி அவரைப் பற்றித் தாறுமாறாகப் பேசியது நெசம். மிஷினுக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது நெசமில்லை. கக்கூஸ் சுவரில் கம்பி இல்லை, நானே போய்த் தடவிப் பார்த்திருக்கிறேன். சோற்றில் யாரும் எதுவும் கலக்கவில்லை. போலீஸ்காரர் ஒரு தடவைதான் வந்தார், தினமும் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாதிக்குப் பாதி" என்றார். "முழுக்கப் பைத்தியமின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி, பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு எனக்கு அந்த வீட்டில் ரொட்டி கிடைக்கவில்லை.

மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போய் டாக்டரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இப்போதாவது சொன்னீர்களே என்று பழைய சீட்டை எடுத்துத் திருத்தி எழுதினார். "மாத்திரைய நிறுத்தக் கூடாது. அதோட, அவரு வீட்டுப் பிள்ளையையும் பாத்துக்கிடுங்க. வந்தவங்களுக்கு நெனச்சுக்கிட ஒரு ஊராவது இருக்கும். இங்கயே வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் ஊரு. இதுவும் இல்லைன்னு சொன்னா அது எங்க போவும்?" என்றார். மருத்துவம் படிக்காத எனக்கும் அது விளங்கியது.

அண்ணாச்சிக்குப் பஞ்சுக் கிடங்கில் சத்தமில்லாத வேலை கிடைத்தது. அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் முற்றத்தில் உட்கார்ந்து உதட்டுப் பேச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். மாமன் செய்கிற வேலையை நான் ஆறேழு வருஷம் தாமதமாகச் செய்தேன். திரும்பி வந்த முதல் நாள், கேண்டீனில் எல்லோருக்கும் முன்னால் சீனியை உள்ளங்கையில் வாங்கி நக்கினார். பிறகு மேஸ்திரியைப் பார்த்துத் தொந்தியைத் தடவிக் காட்டினார். கேண்டீனே அதிர்ந்தது, மேஸ்திரியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி ஆகவில்லை. ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட்டார். நடுவில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரோட்டில் நடந்துபோகும்போது திடீரென்று நின்று, "தம்பி, இப்ப யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் இல்லை என்பேன். கூப்பிட்டிருந்தால் ஆமாம் என்பேன். என் வாய்ச் சொல்லை நம்பி அவர் மேலே நடப்பார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுந்தவன்தானா என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மகள் அம்பாசமுத்திரத்தில் டீச்சராக இருக்கிறாள், மதினி அவளோடு இருக்கிறார்.

மில் சத்தம் என் காதையும் முக்கால்வாசி தின்றுவிட்டது. குளிர் தேசம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகன் வீடியோவில் கூப்பிட்டால், அவன் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சை வாங்கிக்கொள்கிறேன். மில் கொடுத்த பென்ஷனைவிட இது பெரிய உபகாரம். போன வாரம் பேசும்போது அவன் முகம் வாடியிருந்தது. அம்மா பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டான். "எப்பா, ஆபீஸ்ல சாப்பிடுதப்ப எல்லாரும் என்னையப் பாத்து ஏதோ சைகை பண்ணுதானுவ. பாத்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கானுவ. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ. இப்பல்லாம் சரியாத் தூக்கமும் இல்ல" என்றான்.

அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதுலே என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எந்த அப்பனுக்கும் முதலில் அதுதான் வரும். நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்ன சைகை? எனக்குக் காட்டு" என்றேன். அவன் தயங்கினான். பிறகு வலது கையின் ஐந்து விரலையும் குவித்து, வாய்க்குக் கொண்டுபோய், விரலை நக்குவதுபோலச் செய்தான். கையால் சோறு சாப்பிடுகிற என் மகனுக்கு அங்கே யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள்.

"அது நெசந்தாம்லே. உனக்குத் தோணல, நீ பாத்திருக்க" என்றேன். மற்றதையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன், நெசமில்லாதது இருந்தால் அதையும் பிரித்துவிடலாம், தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவன் தோள்கள் கொஞ்சம் இறங்கின. "இங்க வராம, ஒருத்தனையும் பாக்காம, நெசம்னு எப்படிப்பா இவ்வளவு உறுதியாச் சொல்லுதிய?" என்று கேட்டான்.

இவ்வளவு வருஷம் அவனிடமும் சொல்லாததைச் சொன்னேன். "அத மொதல்ல பண்ணினவன் நான்தாம்லே" என்றேன்.